ஆடியில் விட்ட வண்டி, ஐப்பசியில் வந்த வண்டி

அப்பா எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் டயரைத்தான் பார்ப்பார். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு இருபத்திரண்டு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவர். 2018 ஜூலை 14, சனிக்கிழமை காலை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கொலம்பஸ் நகருக்கு வெளியே ஒரு ஷோரூம். சாம்பல் நிற மியாட்டா ஒன்றின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரப்பரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மலைக்கு ஏத்த டயருப்பா இது" என்றார்.

அது 2018 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் எல்லோரும் மியாட்டா என்றுதான் சொல்வார்கள். கிளப் வகை, கையால் மாற்றும் ஆறு கியர், துணிக் கூரை. நான்கு வருஷமாக அதற்கென்றே தனிக் கணக்கில் பணம் போட்டு வந்தேன். வீட்டு வேலைக்கு வேன் இருந்தது. இது மலைப்பாதைக்கு மட்டும். மலைப்பாதையில் வண்டி ஓட்டும் ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையில் அப்பா ஓட்டும் பஸ்ஸில் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்து, அவர் இடது கை கியர் கம்பியில் போய் வருவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

ஓட்டிப் பார்க்கச் சாவி கொடுத்தார்கள். வண்டியில் இரண்டே இருக்கை. பக்கத்தில் விற்பனையாளர் உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் அம்மாவும் ஷோரூம் வாசலில் நின்றார்கள். திரும்பி வந்து நிறுத்தியபோது அப்பா கதவருகே வந்து என்னை உட்கார்ந்த நிலையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "கை நீட்டமா இருக்கே. முழங்கை மடங்கணும்ப்பா. இப்படி ஓட்டுனா ஒரு மணி நேரத்துல தோள்பட்டை செத்துரும்."

அவர் சொன்னது சரி. நான் ஆறடி ஓர் அங்குலம். 2016 முதல் 2018 வரை வந்த இந்த வண்டியில் ஸ்டியரிங்கை மேலும் கீழும் சாய்க்கலாம், ஆனால் நம் பக்கம் இழுக்க முடியாது. காலுக்கு ஏற்றபடி சீட்டைப் பின்னால் தள்ளினால் கை விறைப்பாக நீள்கிறது. கைக்கு ஏற்றபடி முன்னால் இழுத்தால் கிளட்ச் மிதிக்கும்போது முழங்கால் ஸ்டியரிங் வளையத்தின் அடியில் உரசுகிறது. இருபது நிமிஷம் ஓட்டிய சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. வெளியில் நின்ற மனுஷர் கவனித்தார்.

விலை நல்ல விலை. ஸ்டிக்கரில் போட்டிருந்ததிலிருந்து 3,000 டாலர் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் மூணு நாள்ல ஆடி பொறக்குது. எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துரு. இல்ல, ஆவணி பொறக்கட்டும்" என்றாள். அப்பா, "ஆடியிலதான தள்ளுபடி போடுவான்" என்றார். ஊரில் ஜவுளிக்கடைக்குச் சொல்லும் பேச்சுதான், ஆனால் கார் விஷயத்தில் அமெரிக்காவுக்கும் அப்படியே பொருந்துகிறது. அடுத்த வருஷத்து மாடல் இறங்கப்போகும் கோடைக் கடைசியில்தான் நடப்பு வருஷத்து வண்டிகளின் விலையில் டீலர்கள் இறங்கி வருவார்கள்.

ஏன் அந்த விலை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அதற்கு முந்தின மாதம், ஜூனில், புதுப்பித்த இன்ஜினோடு இந்த வண்டி வருவதை ஜப்பானில் அறிவித்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு அது 2019 மாடல். வெளியில் ஒரு மாற்றமும் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அடையாளம் சொல்வது கஷ்டம். மாற்றமெல்லாம் உள்ளே. 155 குதிரைத்திறன் 181 ஆகியிருந்தது. இன்ஜின் சுழற்சியின் சிவப்புக் கோடு, அதாவது தாண்டக் கூடாத எல்லை, 6,800 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) 7,500க்குப் போயிருந்தது. அப்புறம் பட்டியலின் கடைசியில், யாரும் பெரிதாகப் பேசாத ஒரு வரி: ஸ்டியரிங் இனி முன்னும் பின்னும் நகரும். சுமார் 30 மில்லிமீட்டர்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நானும் அப்பாவும் ஒரு தாளில் கணக்குப் போட்டோம். இந்தக் கணக்கை யாரும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையை, அதாவது இன்ஜின் தண்டை முறுக்கும் பலத்தை, நிமிஷச் சுழற்சியால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் வருவது; முறுக்குவிசையைப் பவுண்டு-அடியில் எடுக்க வேண்டும். பழைய இன்ஜின் 155 குதிரைத்திறனை 6,000 சுற்றில் தருகிறது. அந்த இடத்தில் முறுக்குவிசை என்ன என்று பின்னோக்கிப் போட்டால் ஏறக்குறைய 136 வரும். புதிய இன்ஜின் 181ஐ 7,000 சுற்றில் தருகிறது. அங்கேயும் போட்டுப் பாருங்கள், அதே 136! அதாவது இன்ஜின் முன்பைவிட ஓங்கித் தள்ளவில்லை. தள்ளும் பலத்தை இன்னும் ஆயிரம் சுற்று வரைக்கும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதிகபட்ச முறுக்குவிசையே 148லிருந்து 151 ஆனதோடு சரி.

இதற்காக அவர்கள் செய்த வேலைதான் எனக்குப் பிடித்துப்போனது. சுற்று கூடக் கூட, பிஸ்டனை மேலே நிறுத்திக் கீழே திருப்பும் விசை அதன் வர்க்கத்தில் ஏறும். 6,800லிருந்து 7,500 என்பது பத்து சதவீதம்தான், ஆனால் விசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதைத் தாங்க ஒன்று எல்லாவற்றையும் தடிமனாக்க வேண்டும், இல்லை அசைகிற பாகத்தின் எடையைக் குறைக்க வேண்டும். ஹிரோஷிமாவில் இருக்கும் மாஸ்டாக்காரர்கள் எடையைக் குறைத்தார்கள். ஒவ்வொரு பிஸ்டனிலும் 27 கிராம், பிஸ்டனை இன்ஜின் தண்டோடு இணைக்கும் ஒவ்வொரு கனெக்டிங் ராடிலும் 41 கிராம். ஒரு சிலிண்டருக்கு 68 கிராம், ஒரு கோழி முட்டையைவிடக் கொஞ்சம் அதிகம். காற்று போகும் வழியைப் பெரிதாக்கினார்கள், புகை வெளியேறும் வால்வையும் பெரிதாக்கினார்கள். சுமார் 1,060 கிலோ எடையுள்ள வண்டியை அந்த எடையிலேயே வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள்.

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப ரெண்டு வளைவுக்கு நடுவுல கியர் மாத்த வேண்டாம்ல?"

இதைவிடச் சரியாக எந்தக் கார்ப் பத்திரிகையும் எனக்குச் சொன்னதில்லை. மலையில் ஒரு கொண்டை ஊசி முடிந்து அடுத்தது வருவதற்குள் இன்ஜின் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால், இரண்டு விநாடிக்காக மேல் கியருக்குப் போய், உடனே கீழே வர வேண்டும். இன்னும் 700 சுற்று இருந்தால் அதே கியரில் பிடித்துக்கொண்டு போகலாம். கை ஸ்டியரிங்கிலேயே இருக்கும். அவர் ஓட்டிய பஸ்ஸின் இன்ஜின் இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றைத் தாண்டாது. கொடைக்கானல் ஏற்றத்தில் எங்கே கியர் மாற்றுவது, எங்கே மாற்றாமல் பிடிப்பது என்பதுதான் அவருடைய வேலையாகவே இருந்தது.

"காத்திரு" என்றார் அப்பா. "முழங்கை மடங்குற வண்டியா எடு."

இங்கே மாடல் வருஷம் என்கிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் வண்டி வாங்கிப் பழகியவர்கள் பலரும் இதில்தான் தடுமாறுகிறார்கள். நம் ஊரில் ஆர்சி புத்தகத்தில் வண்டி எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது என்று இருக்கும். அதனால்தான் டிசம்பரில் வண்டி எடுக்கத் தயங்கி, ஜனவரிக்குத் தள்ளிப் போடுகிறோம். அமெரிக்காவில் காலண்டர் வருஷமும் மாடல் வருஷமும் வேறு வேறு. மாசு விதிகளின்படி ஒரு மாடல் வருஷத்துக்குள் ஒரே ஒரு ஜனவரி 1 தான் வரலாம், அது அந்த வருஷத்து ஜனவரி 1 ஆகவும் இருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் அடுத்த மாடலை ஆரம்பித்துக்கொள்ளலாம். ஆகவே 2019 வண்டி 2018 கோடையிலேயே கடைக்கு வருவதில் ஆச்சரியமில்லை. வண்டி எண்ணில், அதாவது அந்த 17 எழுத்து வின் எண்ணில், பத்தாவது இடத்தைப் பாருங்கள். ஆங்கில எழுத்து ஜே இருந்தால் 2018, கே இருந்தால் 2019. பழைய வண்டிச் சந்தை அந்த எழுத்தை வைத்துத்தான் விலை பேசும். நீங்கள் எந்தத் தேதியில் பணம் கட்டினீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2018 அக்டோபரில் வாங்கிய 2018 மாடல், முதல் நாளே ஒரு வயசு முடிந்த குழந்தை. தள்ளுபடி என்று தருவதில் ஒரு பங்கு அந்த ஒரு வயசுக்கான விலை.

என் விஷயத்தில் புதிய மாடலின் ஸ்டிக்கர் விலை பழையதைவிட 435 டாலர்தான் அதிகம். கிளப் வகை 29,155 ஆக இருந்தது 29,590 ஆயிற்று. தள்ளுபடி 3,000, அதற்கான வரி ஏழரை சதவீதம் எல்லாம் சேர்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 3,700 டாலர். அது சின்னப் பணம் இல்லை. என் மகளின் இரண்டு வருஷ வயலின் வகுப்புக்கு ஆகும். ஆனாலும் பத்து வருஷம் வைத்திருக்கப்போகிற வண்டி, உடம்புக்குப் பொருந்தாமல் எடுக்க மனம் வரவில்லை.

காத்திருப்பது என்று முடிவு செய்தபின் செய்த தவறுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்த மாதிரி வண்டியை அமெரிக்காவில் ஆர்டர் செய்வது என்றால், தொழிற்சாலையில் நம் பெயர் போட்டு ஒரு வண்டி செய்வார்கள் என்று அர்த்தமில்லை. டீலருக்கு இத்தனை வண்டி என்று ஒதுக்கீடு வரும். கப்பலில் வந்துகொண்டிருக்கிற, அல்லது வரப்போகிற வண்டிகளில் நமக்கு வேண்டிய வகை, நிறம் இருந்தால் அதன் மேல் நம் பெயரை எழுதி வைப்பார்கள். ஆகஸ்டில், ஆவணி பிறந்த கையோடு, அதே ஷோரூமுக்குப் போனேன். 2019 கிளப், சாம்பல் நிறம், கை கியர், செப்டம்பர் இரண்டாம் வாரம் வருகிறது என்றார்கள். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து இங்கே தங்குவதற்கான ஆறு மாத அனுமதி செப்டம்பர் 20ஆம் தேதி வாக்கில் முடிகிறது. ஒரு வாரம் கையில் இருக்கும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹாக்கிங் ஹில்ஸ் பக்கம் ஒரு நாள் போய்வரலாம் என்று காலண்டரில் வட்டம் போட்டேன். விற்பனையாளர் கையைக் குலுக்கி, "உங்களுக்குத்தான்" என்றார். முன்பணம் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நம்பிக்கைதான் முக்கியம் என்றார். நானும் நம்பினேன். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை.

செப்டம்பர் 12ஆம் தேதி போன் செய்தேன். வண்டி முந்தின நாளே வந்து, அன்றைக்கே போய்விட்டது. ஸ்டிக்கருக்கு மேல் கூடுதல் பணம் கொடுக்க ஒருவர் தயாராக இருந்தாராம். அடுத்தது நவம்பரில் வரலாம் என்றார்கள். போனை வைத்துவிட்டு வெகு நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "விடுப்பா. அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்" என்றார். செப்டம்பர் 19 அன்று விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும்போதும் திரும்பி நின்று, "எடுத்ததும் படம் அனுப்பு, உள்ளார இருந்து எடுத்து அனுப்பு" என்று சொன்னார்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு உறுதியான புத்திமதி. வரப்போகிற வண்டிக்குச் சொல்லிவைக்கிறீர்கள் என்றால் மூன்று விஷயம் தாளில் இருக்க வேண்டும். விலை இவ்வளவு, அதற்கு மேல் ஏற்ற மாட்டோம். முன்பணம் இவ்வளவு, வேண்டாமென்றால் திருப்பித் தருவோம். வண்டி எண் ஒதுக்கப்பட்டதும் அதை எழுதித் தருவோம். இரண்டாவது டீலர், ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தவர், நான் கேட்பதற்கு முன்பே இந்த மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 500 டாலர் முன்பணம். பத்து நாளில் வின் எண் வந்தது. பத்தாவது எழுத்து கே. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

வண்டி வந்தது ஆயுத பூஜை வாரம். அக்டோபர் 19, வெள்ளிக்கிழமை, விஜயதசமி, ஐப்பசி 2. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போனோம். மனைவி எலுமிச்சம்பழம் நாலு கொண்டுவந்திருந்தாள். டீலர் தானே குனிந்து டயருக்கு அடியில் வைத்துத் தந்தார். நான் முதலில் செய்தது, ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த நெம்புகோலைத் தளர்த்தி வளையத்தை என் பக்கம் இழுத்தது. பாதிக் கட்டைவிரல் நீளத்துக்கு வந்து நின்றது. சீட்டைக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளினேன். மணிக்கட்டை வளையத்தின் உச்சியில் வைத்துப் பார்த்தேன், தோள் சீட்டை விட்டு எழவில்லை. முழங்கை மடங்கியது. அந்த நிலையிலேயே ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை கிளம்பி ஸ்டேட் ரூட் 555 போனேன். தென்கிழக்கு ஒஹையோவில் ஸேன்ஸ்வில்லில் ஆரம்பித்து ஒஹையோ நதிப் பக்கம் லிட்டில் ஹாக்கிங் வரைக்கும் அறுபது மைலுக்கு மேல் ஓடும் சாலை. மோட்டார் சைக்கிள்காரர்கள் அதை ட்ரிபிள் நிக்கல், அதாவது மூன்று ஐந்து சென்ட் காசு, என்று கூப்பிடுவார்கள். மேடு ஏறி உச்சிக்குப் போகும்வரை அந்தப் பக்கம் வளைவு எந்தத் திசையில் என்று தெரியாது. கூரையைத் திறந்துவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் பழுத்திருந்தன. இரண்டாவது கியரில் ஒரு ஏற்றம். ஜூலையில் ஓட்டிய வண்டியில் ஊசி 6,000ஐத் தாண்டியதும் இன்ஜின் சோர்ந்து, போதும் மாற்று என்று சொல்வது போலிருக்கும். இது அந்த இடத்தில் குரல் மாறி, இன்னும் விறுவிறுவென்று ஏறியது. ஏழாயிரம். ஏழாயிரத்து இருநூறு. அடுத்த வளைவு வந்துவிட்டது, பிரேக், அதே கியர், உள்ளே திரும்பி வெளியே. கியரைத் தொடவே இல்லை. அப்பா மேஜையில் உட்கார்ந்து சொன்னதை அப்போது கை உணர்ந்தது.

மூன்று வார இறுதி. அவ்வளவுதான் கிடைத்தது. நவம்பர் பாதியில் பனி விழுந்து, சாலையில் உப்புத் தூவ ஆரம்பித்துவிட்டார்கள். அந்த உப்பு வண்டியின் அடிவயிற்றைத் தின்றுவிடும். மியாட்டாவை கராஜில் நிறுத்தி, பேட்டரிக்கு மெல்லிய சார்ஜர் மாட்டி, மேலே பருத்தி உறை போட்டு மூடினேன். ஏப்ரலில்தான் திரும்ப வெளியே எடுத்தேன். நின்ற வண்டிக்கு ஐந்து மாதம் தவணை கட்டினேன். ஜூலையிலேயே பழைய மாடலை எடுத்திருந்தால் மிச்சக் கோடையும் இலையுதிர் காலமும் ஓட்டியிருப்பேன். குளிர் தேசத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் மாடல் வருஷத்தை எண்ணுவதற்கு முன்னால் பருவத்தை எண்ண வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை; அங்கே மூன்று மாதம் காத்திருப்பது வெறும் மூன்று மாதம்.

பணக்கணக்கில் நான் நஷ்டப்படவில்லை. இன்றைக்குப் பழைய மியாட்டா தேடுகிறவர்கள் 2019ஐ ஒரு கோடு கிழித்தது போல வைத்துத்தான் பேசுகிறார்கள். அதற்கு முந்தியதை என்டி1 என்றும், அதிலிருந்து 2023 வரை வந்ததை என்டி2 என்றும் பிரித்தே விலை கேட்கிறார்கள். ஆனால் இது எல்லா வண்டிக்கும், எல்லா வருஷத்துக்கும் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான வருஷங்களில் புதிய மாடல் என்பது இரண்டு புது நிறம், ஒரு திரை, கொஞ்சம் விலையேற்றம். அந்த மாதிரி வருஷத்தில் ஆடித் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். இன்ஜின், கியர்பாக்ஸ், உட்காரும் முறை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று மாறினால் மட்டும் நின்று யோசிக்கலாம்.

காத்திருக்காமல் எடுத்தவர்கள் வருத்தப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். டொயோட்டா சுப்ரா பல வருஷ இடைவெளிக்குப் பிறகு 2020 மாடலாக 335 குதிரைத்திறனோடு 2019 கோடையில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. முதல் ஆளாக ஓடிப்போய் வாங்கியவர்கள் ஒரு வருஷம்கூட ஓட்டி முடிக்கவில்லை, 2020 பிப்ரவரியில் 2021 மாடலுக்கு 382 என்று அறிவித்தார்கள். கை கியர் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது 2023 மாடலில்தான் கிடைத்தது. புதிய தலைமுறை வண்டியின் முதல் வருஷத்தை வாங்குவதற்கும், மூன்று வருஷம் ஓடிப் பழகிய வண்டியின் திருத்திய வடிவத்தை வாங்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எனக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. அது அதிர்ஷ்டம்.

காத்திருந்து இழந்த கதையும் உண்டு. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் 2019இல் ஷெவர்லே கார்வெட் வாங்க நினைத்தார். அப்போது கடையில் இருந்தது சி7, இன்ஜின் முன்னால், ஏழு கியர், கையால் மாற்றலாம். ஜூலை 18 அன்று அடுத்த தலைமுறையான சி8ஐக் காட்டினார்கள். இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ஆரம்ப விலை 60,000 டாலருக்கு ஐந்து டாலர் குறைவு. அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி என்று ஊரே பேசியது. அவரும் சி7ஐ விட்டுவிட்டுப் புதியதற்குச் சொல்லிவைத்தார். செப்டம்பரில் தொழிலாளர் வேலைநிறுத்தம், 40 நாள். கென்டக்கியில் பௌலிங் கிரீன் ஆலையில் தயாரிப்பு 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. மார்ச்சில் கொரோனா, ஆலை மூடல். அவருடைய 2020 ஆர்டர் 2021 மாடலாக மாறித்தான் வந்தது. வேகத்தில் அது எங்கேயோ போய்விட்டது, குறை சொல்ல இடமில்லை. ஆனால் சி8இல் கை கியர் கிடையவே கிடையாது. தானாகவே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் பெட்டி மட்டும்தான். சில நாள் மதியம் என் சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம் கியர் மாற்றி ஓட்டிவிட்டு வருகிறார்.

போன மாதம் அக்கா மகன் போனில் கேட்டான்: "மாமா, இருக்கறதை எடுக்கட்டுமா, வரப்போறதுக்குச் சொல்லி வைக்கட்டுமா?" அவனிடம் இந்தக் கணக்கெல்லாம் சொன்னேன். என்ன மாறுகிறது என்று பார், பழையதில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார், எழுதி வாங்கு, எந்த மாதத்தில் கைக்கு வரும் என்று பார். அப்புறம், அந்த மாதங்களில் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்றும் பார் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் மாறியிருக்க வேண்டும். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்பா அடுத்த வருஷம் வருவதாக இருந்தது. 2019இல் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. 2020, 2021 யாருக்கும் போக்குவரத்து இல்லை. 2022 மே மாதம்தான் வந்தார்கள். அதற்குள் அப்பாவுக்கு வலது முழங்காலில் மாற்று மூட்டு வைத்திருந்தது. மியாட்டாவின் சீட் தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இருக்காது. உட்கார வேண்டுமென்றால் முதலில் இடுப்பை இறக்கி, அப்புறம் காலை மடக்கி உள்ளே இழுக்க வேண்டும். பயணி பக்கம் இரண்டு முறை முயற்சி செய்தார். கால் மடங்கவில்லை. கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, "வேண்டாம்ப்பா, நீ ஓட்டு, நான் சத்தம் கேக்கறேன்" என்றார்.

நான் ஓட்டப் போகவில்லை. கராஜில் இருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவை அகலத் திறந்து, வாசல்படிக்கு ஒட்டினாற்போல் போட்டேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலை நீட்டினாற்போல் வைத்துக்கொண்டு, உள்ளே சாய்ந்து வலது கையால் கியர் கம்பியைப் பிடித்தார். நான் பயணி பக்கமிருந்து எட்டி கிளட்சைக் கையால் அழுத்திப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினார். ஒவ்வொரு கியர் விழும்போதும் டக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

"குட்டையா இருக்குப்பா," என்றார். "விரலாலயே விழுது."

திரும்ப ஒன்றுக்கு வந்து, மறுபடியும் மேலே போனார்.